பாடம் வாசிக்கும் இயந்திரக் குரல்: தமிழ் வகுப்பறையில் எங்கே உதவும், எங்கே தடுமாறும்?

ஒரே பாடப்பகுதியை ஒரு செல்போனில் வாசிக்கவிட்டால் தெளிவான தமிழ் கேட்கிறது. பக்கத்திலிருக்கும் கணினியில் வாசிக்கவிட்டால் "ஜே, கே, பீ, ஓ" என்று ஆங்கில எழுத்துகள் கொட்டுகின்றன. இன்னொரு கோப்பில் தமிழ் தமிழாகவே வருகிறது. ஆனால் ஆண்டுகளும் அளவுகளும் குழம்பி, வாக்கியம் பாதியில் முறிகிறது. இதைக் கேட்ட ஆசிரியர்கள் பலர் "தமிழுக்கு இன்னும் நல்ல குரல் வரவில்லை" என்று முடிவுகட்டி, முயற்சியை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பத்தாண்டுகளுக்கு முன்பு அந்த முடிவு சரியாக இருந்திருக்கலாம். இன்று தமிழ்க் குரல்கள் போதிய அளவுக்கு நன்றாகவே உள்ளன. சிக்கல் பெரும்பாலும் அந்தக் குரலிடம் நாம் கொடுக்கும் எழுத்தில் இருக்கிறது. எழுத்தைச் சரிசெய்யத் தெரிந்துகொண்டால் கோளாறுகளில் பெரும்பகுதி போய்விடும். மீதியில் எதை இயந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்பதும் அப்போது தெளிவாகத் தெரியும்.

## முதலில் மூன்று சொற்கள்

உரை-ஒலி மாற்றி. ஆங்கிலத்தில் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச். எழுத்து வடிவில் உள்ள உரையைப் பேச்சாக மாற்றும் மென்பொருள். இதன் மையப்பகுதியை எஞ்சின் என்பார்கள்.

குரல். ஒரு எஞ்சினில் பல மொழிகளுக்கும் பல குரல்கள் இருக்கும். எஞ்சின் இருந்தும் தமிழ்க் குரல் இறக்கப்படாமல் இருந்தால் தமிழ் வராது. "என் போனில் வேலை செய்யவில்லை" என்ற புகாருக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

திரைவாசிப்பான். பார்வையற்றவர்கள் கணினியையும் போனையும் இயக்க உதவும் மென்பொருள். மெனு, பொத்தான், தலைப்பு, பட்டியல் என்று திரையில் உள்ள எல்லாவற்றையும் சொல்லி வழிகாட்டும். பேசுவதற்கு அது உரை-ஒலி மாற்றியைப் பயன்படுத்துகிறது. இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஆப்பிளின் வாய்ஸ்ஓவர் ஆகியவை திரைவாசிப்பான்கள்.

## எழுத்து எப்படிப் பேச்சாகிறது?

எந்த எஞ்சினாக இருந்தாலும் வேலை ஏறக்குறைய நான்கு கட்டங்களில் நடக்கிறது.

1. உரையைச் சீராக்குதல். எண், தேதி, சுருக்கம், குறியீடு ஆகியவற்றைச் சொற்களாக விரிப்பது. "25 கி.மீ." என்பது "இருபத்தைந்து கிலோமீட்டர்" ஆக வேண்டும்.
2. எழுத்தை ஒலியாக்குதல். "பட்டம்" என்பதன் பகரமும் "அன்பு" என்பதன் பகரமும் ஒரே எழுத்துதான், ஒலி வேறு. எங்கே எந்த ஒலி என்று தீர்மானிக்கும் கட்டம் இது.
3. ஏற்ற இறக்கம். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது, எந்த அசையை நீட்டுவது என்ற கணக்கு.
4. ஒலியலையை உருவாக்குதல். காதில் விழும் ஒலி இங்கேதான் பிறக்கிறது.

கடந்த பத்தாண்டில் பெரும் பாய்ச்சல் நடந்தது நான்காவது கட்டத்தில். பழைய எஞ்சின்கள் ஒலியைக் கணிதச் சூத்திரங்களால் செயற்கையாகச் செய்தன. என்விடிஏவுடன் சேர்ந்து வரும் ஈஸ்பீக் என்ஜி இன்னமும் அந்த வகைதான். உலோகத் தகட்டில் பேசுவது போல ஒலிக்கும். அடுத்து, ஒருவரைப் பல மணிநேரம் பேசவைத்துப் பதிந்து, துண்டுகளாக வெட்டி ஒட்டும் முறை வந்தது. 2016இல் டீப்மைண்ட் நிறுவனம் வேவ்நெட் என்ற நரம்பியல் வலையமைப்பு மாதிரியை வெளியிட்ட பிறகு குரல்கள் மனிதக் குரலை நெருங்கின. தமிழுக்கும் அந்தத் தலைமுறைக் குரல்கள் வந்துவிட்டன. மைக்ரோசாஃப்டில் இந்தியத் தமிழுக்கு பல்லவி, வள்ளுவர். இலங்கைத் தமிழுக்கு சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்கு கனி, சூர்யா என்று தனித்தனிக் குரல்களே உள்ளன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான திறமூல மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது. அதில் தமிழும் உண்டு.

முதல் இரண்டு கட்டங்களில் தமிழுக்கு அந்த வேகத்தில் முன்னேற்றம் வரவில்லை. குரல் மனிதக் குரலாக இருக்கிறது, வாசிப்பு மட்டும் தடுமாறுகிறது என்றால் கோளாறு அங்கேதான்.

பழைய உலோகக் குரலை இளக்காரமாக நினைக்க வேண்டாம். மிக வேகமாக ஓடவிட்டாலும் ஈஸ்பீக்கின் ஒலிகள் ஒன்றோடொன்று குழையாது, பொத்தானை அழுத்திய கணமே பேசும், இணையமும் தேவையில்லை. அனுபவமுள்ள பார்வையற்ற வாசகர்கள் பலர் இனிய குரலை விட்டுவிட்டு இதையே தேர்ந்தெடுப்பது அதனால்தான். பார்வையற்ற மாணவரின் கணினியில் "நல்ல குரலைப் போட்டுத் தருகிறேன்" என்று அவரைக் கேட்காமல் மாற்றிவிடக் கூடாது.

## யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய சமன்பாட்டை முன்வைத்தார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இங்கே பெருக்கல் என்பது முக்கியம். கேட்டுப் புரிந்துகொள்வதில் பத்துக்கு ஒன்பது தகுதியுள்ள பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுவதில் பத்துக்கு இரண்டுதான் என்றால், 0.9 × 0.2 = 0.18. அறிவியல் பாடத்தைப் புரிந்துகொள்ளும் மூளை இருந்தும் பாடம் அந்தப் பிள்ளைக்கு எட்டாமல் போகிறது.

உரை-ஒலி மாற்றி எழுத்துக் கூட்டும் அந்தக் காரணியைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கிறது. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும், ஏதோ காரணத்தால் பள்ளியைத் தவறவிட்டுப் பின்தங்கியவர்களுக்கும் இதனால்தான் பயன். வாசிப்புக் குறைபாடுள்ள மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, ஒலி வடிவில் வழங்கியபோது புரிதல் சராசரியாக 0.35 என்ற விளைவளவுக்கு மேம்பட்டதாகக் கண்டது. மிதமான, ஆனால் உண்மையான பலன். அற்புதம் நிகழ்ந்துவிடவில்லை.

அதே சமன்பாடு எச்சரிக்கையையும் தருகிறது. கேட்டுப் புரிந்துகொள்வதிலேயே சிக்கல் உள்ள பிள்ளைக்கு ஒலி மட்டும் போதாது. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருக்கும் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, கற்க வேண்டிய வேலையையே இயந்திரம் பறித்துக்கொள்கிறது. அந்த வயதில் கதை கேட்கப் பயன்படுத்தலாம்; வாசிப்புப் பயிற்சிக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது.

தமிழில் சில வேலைகளை இயந்திரக் குரலிடம் கொடுக்கவே கூடாது:

1. எழுத்து அறிமுகம். வகுப்பில் மெய்யெழுத்துகளை "இக், இங், இச்" என்றே சொல்லிக்கொடுக்கிறோம். தனியாக "க்" என்று தட்டினால் சில எஞ்சின்கள் "க" என்கின்றன, சில ஒன்றுமே சொல்வதில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் "இக்" என்று தட்ட வேண்டும்.
2. சொல்வதை எழுதுதல். ல, ழ, ள வேறுபாடும் ன, ண வேறுபாடும் ர, ற வேறுபாடும் பல குரல்களில் மங்கலாகவே கேட்கின்றன. பிள்ளை எழுதியது பிழையா, கேட்டது பிழையா என்று பிரித்தறிய வழியிருக்காது.
3. செய்யுள். சீரும் தளையும் பார்த்து எஞ்சின் நிறுத்தாது. சந்தி சேர்ந்த அடியை ஒரே மூச்சில் உருட்டிவிடும். பதம் பிரித்த வடிவத்தைக் கொடுத்தால் பொருள் விளங்கும், ஓசை வராது. செய்யுளின் ஓசையை ஆசிரியரின் வாயிலிருந்துதான் பிள்ளை கேட்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஒரு பயன், பிழைதிருத்தம். மாணவர் தாம் எழுதிய கட்டுரையைத் தாமே கேட்பது. கண் தாண்டிப்போகும் பிழைகளைக் காது பிடிக்கிறது: விடுபட்ட சொல், இருமுறை வந்த சொல், வினைமுற்று இல்லாமல் நிற்கும் வாக்கியம், "மாணவர்கள் வந்தான்" போன்ற இயைபுப் பிழை. ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை எல்லோருக்கும் இது உதவும். குறைபாடு இருக்க வேண்டுமென்பதில்லை.

## "ஜே, கே, பீ, ஓ" ஏன் வருகிறது?

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கம் பரவுவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக்கொண்டன. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று தட்டினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரையில் அந்த எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. ஒலிமாற்றிக்கு எழுத்துரு தெரியாது. கோப்பில் உள்ளதைத்தான் வாசிக்கும்.

இலங்கையில் பாமினியும், தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்களும் நெடுங்காலம் கோலோச்சின. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் அதனுடன் டேஸ்-16 குறியாக்கத்தையும் ஏற்றது. ஆனாலும் அதற்கு முன்னும் பின்னும் தட்டச்சான வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் பழைய எழுத்துருக்களிலேயே கணினிகளில் கிடக்கின்றன.

சோதிப்பது எளிது. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பிலோ நோட்பேடிலோ ஒட்டுங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு, எந்த எழுத்துரு என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். ஒரு கவனம்: மூலத்தில் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கி அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டமாக்கிவிடும். மாற்றிய பிறகு அந்த இடங்களைக் கையால் திருத்த வேண்டும்.

பிடிஎஃப் இன்னொரு தலைவலி. யூனிகோடில் செய்த பிடிஎஃபிலும் எழுத்து வரிசை கலைந்து வரக்கூடும். "கொ" என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் கடைசியிலும் வரையப்படுகிறது. பிடிஎஃப் அதே வரைவு வரிசையைச் சேமித்திருந்தால், நகலெடுக்கும்போது கொம்பு தனியாகப் பிரிந்து முந்தைய எழுத்தோடு ஒட்டும். "அவன் கொடுத்தான்" என்பது வாசிக்க முடியாத துண்டுகளாகிறது. ஒட்டிய உரையில் புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கும் கொம்புகள் தெரிந்தால் இதுதான் நோய். அத்தகைய பிடிஎஃபோடு மல்லுக்கட்டுவதைவிட அதைப் படமாகக் கருதி, படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்கும் எழுத்துணரி வழியாக மீண்டும் எடுப்பது விரைவு. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தாலே எழுத்துணரி வேலை செய்யும்.

எழுத்துணரி செய்யும் பிழைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ரகரமும் காலும் இடம்மாறும். எகரம் தமிழ் எண் ஏழாக, உகரம் தமிழ் எண் இரண்டாக, ககரம் தமிழ் எண் ஒன்றாக மாறும். வடிவம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் கண்ணுக்குத் தெரியாது. கேட்டால் உடனே தெரியும்.

கையால் தட்டுபவர்கள் செய்யும் பிழை ஒன்று இதைப் போலவே கண்ணில் படாது. ஔகாரம் யூனிகோடில் ஒரே எழுத்து. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒலிமாற்றி "ஒ-ள-வையார்" என்று மூன்றாக உடைத்து வாசிக்கும். "கௌதமர்" என்பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டப்பட்டிருந்தால் "கெ-ள-தமர்". கோப்பு முழுவதிலும் தேடி மாற்றுவது ஒரு நிமிட வேலை.

## "பீட்டா" ஏன் தவறாக ஒலிக்கிறது?

தமிழில் க, ச, ட, த, ப என்ற எழுத்துகளுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வல்லொலி: பல், அப்பா. மெல்லினத்தை அடுத்தும் இரு உயிரொலிகளுக்கு நடுவிலும் மெலியும்: அம்பு, மரபு. தனித்தமிழ்ச் சொற்களுக்கு இந்த விதி ஏறக்குறைய பிசகாது. அதனால்தான் கிராமத்துக் கதையை இயந்திரம் அருமையாக வாசிக்கிறது.

அறிவியல் பாடம் வந்ததும் விதி உடைகிறது. "புரோட்டான்", "புரோமின்" இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. முதலாவது வல்லொலி, இரண்டாவது மெல்லொலி. விதியை மட்டும் நம்பும் எஞ்சின் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லும். பாக்டீரியா, கிராம், பீட்டா, காமா கதிர்கள் எல்லாம் இந்தக் கூட்டம்தான். வரலாற்றில் காந்தி, பாரதி, புத்தர். புதிய குரல்கள் அடிக்கடி வரும் பெயர்களைக் கேட்டுப் பழகியிருப்பதால் காந்தியையும் பாரதியையும் சரியாகச் சொல்லிவிடுகின்றன. பாடநூலில் மட்டும் வரும் கலைச்சொல்லில் இடறுகின்றன.

இன்னும் கடினமானவை சூழலைப் பார்த்தே ஒலி தெரியும் சொற்கள். "கேஸ் போட்டார்கள்", "கேஸ் அடுப்பு": எழுத்து ஒன்று, சொல் இரண்டு. "பாவம் செய்தான்" என்பதிலும் நடனத்தின் "பாவம்" என்பதிலும் அப்படியே. மனிதர் வாக்கியத்தைப் பார்த்துப் பிரித்துவிடுவார். இயந்திரம் சில சமயம்தான்.

இதற்குச் செய்யக்கூடியவை:

1. வாசிப்புக்கென்று தயாரிக்கும் பிரதியில் அந்தக் கலைச்சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். புதிய தமிழ்க் குரல்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஆங்கில ஒலியை எடுக்கும். மாணவர் கண்ணால் பார்க்கும் பிரதியைத் தமிழிலேயே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.
2. இருபொருள் சொல்லுக்கு வேறு சொல் இருந்தால் அதைப் போடுங்கள். "வழக்குப் போட்டார்கள்", "எரிவாயு அடுப்பு".
3. கணினித் துறை ஆட்கள் துணை இருந்தால் எஸ்எஸ்எம்எல் என்ற குறிமொழியால் ஒரு சொல்லின் ஒலியையும் இடைநிறுத்தத்தையும் குறித்துக் கொடுக்கலாம். எல்லாச் செயலிகளும் அதை ஏற்காது.

பேச்சுத்தமிழைப் பற்றியும் ஒரு சொல். "வந்துட்டாங்க", "பண்ணிக்கிட்டு" என்று எழுதினால் குரல் அதை எழுத்துக்கு எழுத்து உச்சரித்து விறைப்பாக்கிவிடும், ஏனென்றால் இந்தக் குரல்கள் பெரிதும் எழுத்துத்தமிழை வாசித்துப் பதிந்தவற்றில் பழகியவை. குறுகிய வாக்கியங்களில் எளிய எழுத்துத்தமிழே காதுக்கு இதமாக இருக்கும்.

## எண், சுருக்கம், சூத்திரம்

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். "10.07.1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்." பல எஞ்சின்கள் இதைப் "பத்து புள்ளி பூஜ்யம் ஏழு புள்ளி ஆயிரத்து எண்ணூற்று ஆறு... இல்..." என்று வாசிக்கும். தேதியைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டது ஒரு பிழை. "இல்" என்ற உருபை எண்ணோடு சேர்க்காமல் தனிச் சொல்லாக்கியது அடுத்தது. கேட்பவருக்கு அது "இல்லை" என்று சொல்ல வந்து பாதியில் நின்றதுபோலக் குழப்பும். வாசிப்புப் பிரதியில் இப்படி மாற்ற வேண்டும்: "ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் ஆண்டு ஜூலை பத்தாம் தேதி, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்."

"5-ஆம் வகுப்பு" என்பது "ஐந்து ஆம்" ஆகிவிடும். "ஐந்தாம் வகுப்பு" என்றே எழுதுங்கள். "செ.மீ.", "கி.பி.", "எ.கா." ஆகியவற்றின் புள்ளிகளை வாக்கிய முடிவாக எடுத்து எஞ்சின் நீண்ட நிறுத்தம் விடும், விரித்து எழுதுங்கள். "3/4" சில இடங்களில் "மூன்று சாய்கோடு நான்கு" ஆகும். "முக்கால்" என்றோ "நான்கில் மூன்று" என்றோ எழுதலாம். கழித்தல் குறிக்குப் பதிலாகச் சிறுகோடு தட்டியிருந்தால் குரல் அதைச் சொல்லாமலே தாண்டும். "எட்டு, மூன்று, சமம், ஐந்து" என்று கேட்கும் பிள்ளை அந்த இடத்தில் கணக்கையே இழந்துவிடுகிறது.

இயற்கணிதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. "ஏ கூட்டல் பி வகுத்தல் சி" என்று கேட்டால், பி-ஐ மட்டும் வகுப்பதா, கூட்டுத்தொகை முழுவதையும் வகுப்பதா என்பது தெரியாது. தாளில் அடைப்புக்குறி காட்டுவதை ஒலியில் சொல்லால் காட்ட வேண்டும்: "ஏ கூட்டல் பி, இந்த முழுவதையும் சி-ஆல் வகுக்க." பார்வையற்ற மாணவருக்குக் கணக்குப் பாடம் தயாரிப்பவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே.

## ஒரு பாடத்தைத் தயாரிக்கும் முறை

1. எடுத்தல். பாடநூல் பிடிஎஃபிலிருந்து உரையை வெற்றுரையாக எடுங்கள். இரண்டு பத்தி நிரல்கள் உள்ள பக்கத்தில் இடது நிரலின் வரியும் வலது நிரலின் வரியும் பின்னிக்கொள்ளலாம். நிரல் நிரலாக நகலெடுங்கள்.
2. களைதல். பக்க எண், பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு ஆகியவற்றை நீக்குங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் பிடிஎஃப்கள் பலவற்றில் பக்கத்தின் அடியில் அச்சுக்கோப்பின் பெயரும் தேதியும் நேரமும் கூட இருக்கும். விட்டுவைத்தால் ஒளிச்சேர்க்கைக்கு நடுவே அதையும் வாசிக்கும்.
3. விரித்தல். மேலே சொன்ன எண்களையும் சுருக்கங்களையும் சொற்களாக்குங்கள்.
4. முறித்தல். இருபது சொல்லுக்கு மேற்பட்ட வாக்கியத்தை இரண்டாக்குங்கள். குரல் நிறுத்தற்குறியைப் பார்த்தே மூச்சு விடுகிறது. "மண்ணும் நீரும் காற்றும்" போன்ற அடுக்குகளில் தமிழில் காற்புள்ளி இடுவதில்லை. அடுக்கு நீளமாக இருந்தால் வாசிப்புப் பிரதியில் இடுங்கள்.
5. படமும் அட்டவணையும். அட்டவணையை அப்படியே விட்டால் எண்கள் வரிசையாகக் கொட்டும். ஒவ்வொரு வரிசையையும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். படத்துக்கு இரண்டு மூன்று வாக்கிய விளக்கம் கொடுங்கள்.
6. கேட்டல். முழுப் பாடத்தையும் ஒருமுறை, எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பார்த்துக்கொண்டே கேட்டால் மூளை பிழையைத் தானே நிரப்பிக்கொள்ளும்.
7. சேமித்தல். ஒரு பாடத்தை ஒரே கோப்பாக்காமல் உட்தலைப்புக்கு ஒரு கோப்பாக, மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வையுங்கள். பேச்சுக்கு ஒற்றைத்தட ஒலியும் நொடிக்கு 64 கிலோபிட்டும் போதும். பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 4.8 எம்பிதான் ஆகும், வாட்ஸ்அப்பில் எளிதாகப் போகும். கோப்பின் பெயரில் வகுப்பு, பாட எண், பகுதி எண் வரட்டும்.

ஒலிக்கோப்பு செய்யாமல் நேரடியாகக் கேட்கவும் வழிகள் உண்டு. எட்ஜ் உலாவியில் யூனிகோடு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். வாசிக்கும் சொல்லை நிறமிட்டும் காட்டும். விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதியில் பேச்சு என்பதற்குள் போய்த் தமிழ்க் குரலைச் சேர்த்தால் வள்ளுவர் குரல் இணையமில்லாமலும் வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் "டெக்ஸ்ட்-டு-ஸ்பீச்" என்று தேடி, கூகுள் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, தமிழ்க் குரல் தரவை இறக்க வேண்டும். சாம்சங் போன்களில் அந்நிறுவனத்தின் சொந்த எஞ்சின் முன்னிருப்பாக இருக்கும்; தமிழ் சரியாக வராவிட்டால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

## வகுப்பில் பயன்படுத்தும்போது

வேகத்தை 0.8 மடங்கில் தொடங்குங்கள். தமிழ்ச் சொற்கள் ஒட்டு மேல் ஒட்டாக நீள்வதால் ஆங்கிலத்துக்கு ஏற்ற வேகம் பிள்ளைகளுக்கு அதிகம். பழகிய பிறகு அவர்களே ஏற்றிக்கொள்வார்கள்.

பார்வையுள்ள பிள்ளைகளுக்கு ஒலியை மட்டும் தனியாகக் கொடுக்காமல், எழுத்தையும் கண்முன் வைத்து, ஒலிக்கும் சொல்லோடு கண்ணும் நகரும்படி செய்யுங்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் ஒன்றோடொன்று பொருந்தும் கணங்கள்தான் கற்றல்.

நாற்பது பேர் வகுப்பில் ஒரு போனின் ஒலிபெருக்கி கடைசி வரிசைக்கு எட்டாது. வகுப்புக்கு ஒரு சிறு ஸ்பீக்கர், தனியாகக் கேட்பவர்களுக்கு ஹெட்போன் என்று பிரித்துவிடுங்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு மட்டும் ஹெட்போன் கொடுத்து அடையாளம் காட்டாமல், கேட்கும் நேரத்தில் விரும்பிய எவரும் கேட்கலாம் என்று வையுங்கள். கேலிக்குப் பயந்தே நல்ல கருவியை மறுக்கும் பிள்ளைகள் அதிகம்.

## சட்டமும் தனியுரிமையும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகளின் சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் நூல்களை அணுகத்தக்க வடிவில் மாற்ற இடமளிக்கிறது. அச்சு வாசிக்க இயலாதோருக்கான 2013ஆம் ஆண்டு மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்த இடம் எல்லோருக்கும் பொதுவானதல்ல: பதிப்புரிமை உள்ள நூலை ஒலியாக்கி யூடியூபில் பொதுவில் ஏற்றுவது இதற்குள் அடங்காது.

இணையவழிக் குரல்கள் நீங்கள் ஒட்டும் உரையை நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பியே ஒலியாக்குகின்றன. மாணவர் பெயர், மதிப்பெண், மருத்துவக் குறிப்பு உள்ள எதையும் அவற்றில் போடக் கூடாது. அதற்குச் சாதனத்துக்குள்ளேயே இயங்கும் குரலைப் பயன்படுத்துங்கள். ஆசிரியர் ஒருவரின் குரலை நகலெடுத்துப் பாடம் தயாரிப்பதாக இருந்தால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியே செய்ய வேண்டும். அவர் பணியிடம் மாறிய பிறகு அந்தக் குரலை என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

## பிழைப் பட்டியல்

ஒவ்வொரு பள்ளியும் வைத்திருக்க வேண்டிய ஒன்று, தவறாக ஒலிக்கும் சொற்களின் பட்டியல். மாணவர்களே சொல்வார்கள்; மிக நுணுக்கமாகச் சொல்பவர்கள் பார்வையற்ற மாணவர்கள். சொல், அது எப்படி ஒலித்தது, எதைப் போட்டால் சரியானது என்ற மூன்று நிரல்கள் போதும். என்விடிஏவில் விருப்பங்கள் மெனுவில் பேச்சு அகராதி என்ற வசதி உள்ளது. "செ.மீ." என்று வந்தால் "சென்டிமீட்டர்" என்று வாசி எனப் பதிந்துவைத்தால், எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தத் திருத்தம் செயல்படும். பள்ளி அமைக்கும் பட்டியலில் உள்ள சொற்களை அதில் ஒவ்வொன்றாகப் பதியலாம். மற்றச் செயலிகளுக்கு அதே பட்டியலை வைத்து வேர்டில் தேடி மாற்றிவிட்டுப் பிறகு வாசிக்கவிடலாம். அறிவியலுக்கு ஒன்று, சமூக அறிவியலுக்கு ஒன்று என்று பாடவாரியாகப் பிரித்துவைப்பது நல்லது, ஏனென்றால் ஒரு பாடத்தில் சரியாக இருக்கும் மாற்று இன்னொன்றில் தவறாகலாம். நூலின் புதிய பதிப்பு வந்தாலும் பட்டியலைப் பாருங்கள்: "கி.மு." என்பது "கிறிஸ்துவுக்கு முன்" என்று விரியும், ஆனால் புதிய பதிப்பு அதே இடத்தில் "பொ.ஆ.மு." (பொது ஆண்டுக்கு முன்) என்று அச்சிட்டிருந்தால் அதற்குத் தனி வரி வேண்டும்.